கிறிஸ்டல் பொம்மைகளுக்கு வெள்ளைப் பெட்டி மட்டும் போதாது: சில வருடப் பாவனையின் பின்

இணையத்தில் வாங்கிய மடக்கு ஒளிப்பெட்டி ஒன்று சில வருடங்களாக என் மேசையில் இருக்கிறது. பக்கத்துக்கு 40 செ.மீ. அளவு. மேல் விளிம்பில் இரண்டு எல்ஈடி வரிசைகள், உள்ளே வெள்ளி நிற உறை, பின்னால் தொங்கவிட வெள்ளையும் கறுப்புமாகத் திரைகள். அம்மாவின் கிறிஸ்டல் பொம்மைகளைப் படமெடுக்கத்தான் அதை வாங்கினேன். பாத்திரம், செருப்பு, புத்தகம் என்று எதை வைத்தாலும் அது தெளிவான படம் தரும். கிறிஸ்டலுக்கு மட்டும் பாதி வேலையைத்தான் செய்கிறது. மற்றப் பாதியைச் செய்வன ஒரு சிறிய ரோச் லைட்டும், கறுப்பு அக்ரிலிக் துண்டும், இருட்டான அறையும்.

பொம்மைகளில் பெரும்பாலானவை சின்னம்மா சுவிஸிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவந்தவை. அநேகமாக எல்லாமே சுவரோவ்ஸ்கி. ஒஸ்திரியாவின் வாட்டன்ஸ் என்ற ஊரில் 1895இல் தொடங்கிய அந்த நிறுவனம் நெடுங்காலம் பொம்மை செய்யவில்லை. 1976இல் சரவிளக்குக்கு வெட்டிய துண்டுகளை ஒட்டி ஒரு சின்ன எலியைச் செய்தார்கள். முள்ளம்பன்றியும் அன்னமும் கரடியும் அதன் பின்னால் வந்தவை. படமெடுப்பவருக்கு இந்தப் பிறப்புக் கதை உதவும். சரவிளக்குத் துண்டு, சின்னச் சுடரொன்றின் ஒளியை வாங்கிச் சிதறடிப்பதற்காகவே பட்டை தீட்டப்படுகிறது. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளை வெளிச்சத்தை நிரப்பினால் சிதறடிக்க அதற்கு எதுவும் இருக்காது.

ஒளிப்பெட்டிக்குள் நடப்பது இதுதான். ஒவ்வொரு பட்டையும் தன் எதிரில் இருப்பதைக் காட்டுகிறது. எதிரில் எங்கும் வெள்ளை. ஆகவே பட்டைக்கும் பட்டைக்கும் வேறுபாடு தெரியாமல் பொம்மை முழுவதும் சாம்பல் கலந்த வெள்ளையாக வரும். முதலில் எடுத்த அன்னத்தின் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, “இது ஐஸ்கட்டி போல இருக்கிறது பிள்ளை, எங்கள் அன்னம் இல்லை” என்றார். அம்மா சொன்னது சரி. அதற்குப் பரிகாரமும் உண்டு. கறுப்புப் பிறிஸ்டல் அட்டையை இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, படத்தில் விழாத அளவுக்குத் தள்ளி, பொம்மையின் இரு பக்கமும் நிறுத்த வேண்டும். அட்டையின் கறுமை விளிம்புகளில் மெல்லிய கோடாக ஏறும். கழுத்து வளைவும் இறகு மடிப்பும் பிரிந்து தெரியும். கண்ணாடிப் பொருட்களைப் படமெடுப்பவர்கள் காலங்காலமாகச் செய்துவருவதுதான் இது. பெட்டி வைத்திருப்பவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதையாவது செய்து பாருங்கள்.

பெட்டியை நான் இன்னும் வைத்திருப்பது பதிவுப் படங்களுக்காக. முன், பின், பக்கம், அடி என்று ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு தொகுதி. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது வீட்டை அப்படியே விட்டுப் போனோம். அதற்கு முன்பு எங்களிடம் என்னென்ன இருந்தன என்று காட்ட ஒரு படம்கூட இல்லை. அந்தக் குறை இந்தப் பொம்மைகளுக்கு வரக்கூடாது. படங்களின் பிரதி சின்னம்மாவிடமும் இருக்கிறது. அடியில் உள்ள நிறுவன முத்திரைதான் எடுப்பதற்குக் கடினம். 1980களின் பிற்பகுதியில் அன்னச் சின்னம் வந்தது. அதற்கு முந்தியவற்றில் எஸ், சி எழுத்துகள் சதுரமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நேர் வெளிச்சத்தில் இரண்டுமே கண்ணில் படாது. கறுப்புத் துணியில் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் மிகத் தாழ்வாக ரோச் பிடித்தால் பொறித்த இடம் மட்டும் வெண்மையாகத் தெரியும்.

இனி இருட்டுப் பாதி. விளம்பரப் பலகை செய்யும் கடையில் வெட்டி மிஞ்சிய கறுப்பு அக்ரிலிக் துண்டு கேட்டால் தருவார்கள். அதை மேசையில் வைத்து, பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு, யன்னலைச் சாத்திவிடுகிறேன். ரோச்சின் வாயில் பிறிஸ்டல் அட்டையைக் குழலாகச் சுருட்டிப் பொருத்தினால் ஒளி சிறு புள்ளியாகும். பொம்மைக்குப் பின்னால், வலப்புறமாக, கொஞ்சம் உயரத்திலிருந்து காட்ட வேண்டும். அன்னத்தின் மார்புப் பட்டைகள் ஏழெட்டு ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். ரோச்சை ஒரு விரற்கடை நகர்த்தினால் மார்பு அணைந்து வால் பச்சையாகும். இன்னும் சற்று நகர்த்தினால் அதே இடம் செம்மஞ்சள். வெள்ளைப் பெட்டிக்குள் இந்த நிறங்கள் தலைகாட்டியதே இல்லை. வெள்ளொளியில் உள்ள ஒவ்வொரு நிறமும் கண்ணாடிக்குள் வெவ்வேறு அளவு வளைகிறது. ஒளி ஒரே புள்ளியிலிருந்து வந்தால் அவை பிரிந்து நிற்கும். நாலாபக்கமும் இருந்து வந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறுபடி வெள்ளையாகிவிடும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் கூரையெங்கும் சின்னச் சின்ன விளக்குகள் பதித்திருப்பதும் இதற்காகத்தான்.

பழைய பொம்மைகளில் ஈயம் உண்டு. குறைந்தது 24 வீதம் ஈய ஒட்சைட்டு இருந்தால்தான் ஐரோப்பிய விதிப்படி அது ஈயக் கிறிஸ்டல். ஈயம் கூடக்கூட ஒளிவிலகலும் நிறப்பிரிகையும் கூடும். 2012இல் நிறுவனம் ஈயமற்ற கலவைக்கு மாறியது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எடுத்திருக்கிறேன். படத்தில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

இவ்வளவு செய்த பின்பும் கண்ணால் காணும் மினுக்கம் படத்தில் குறைவாகவே இருக்கும். நமக்கு இரண்டு கண்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பட்டைகள் மின்னுகின்றன. தலை கொஞ்சம் அசைந்தாலும் புதிய மின்னல்கள். கமராவுக்கு ஒற்றைக் கண், அதுவும் அசையாத கண். ஆகவே முக்காலியில் கமராவை நிறுத்திவிட்டு, ரோச்சை மட்டும் இடம் மாற்றிப் பல படங்கள் எடுக்கிறேன். இலவச மென்பொருளான ஜிம்பில் அவற்றை அடுக்கி, எந்தப் படத்தில் புள்ளி பிரகாசமோ அதை மட்டும் எடுக்கும் முறையைத் தெரிவு செய்தால், எல்லா மின்னல்களும் ஒரே படத்தில் சேரும். எல்லாவற்றையும் சேர்க்க ஆசை வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். நாலைந்துக்கு மேல் அடுக்கினால் வடிவம் மறைந்து வெறும் பொறிகளாகிவிடும்.

வில்லையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கனன் 60 மி.மீ. மக்ரோ, பழையது, குறையில்லாமல் உழைக்கிறது. வில்லையின் துளையை எஃப்/16 வரை சுருக்கினால் ஒவ்வொரு மின்னலும் நட்சத்திரமாகக் கதிர் விடும், ஆனால் படம் சற்று மழுங்கும். நான் எஃப்/11இல் நிற்கிறேன். கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் பொம்மையைத் தொட்டுக் குவியப்படுத்தி, வெளிச்சத்தை நன்றாகக் குறைக்க வேண்டும்; தானாக விட்டால் அது கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்.

யன்னல் வெளிச்சத்தில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வடக்குப் பார்த்த யன்னலில் நேர்வெயில் விழாது என்று பிறநாட்டு வழிகாட்டிகள் எழுதுவது இங்கே பொருந்தாது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் பிற்பகுதி வரை யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். உருண்டையான கிறிஸ்டல், வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் துணியையோ கடதாசியையோ பற்றவைக்கக்கூடியது. வெயில் படும் மேசையில் அதை வைத்துவிட்டு எழும்பிப் போகாதீர்கள்.

நேரத்தை அதிகம் தின்பது துடைப்பதுதான். கறுப்புப் பின்னணியில் பின்னொளி பட்டால் ஒவ்வொரு தூசியும் பட்டைக்குச் சமமாக மின்னும். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் செம்மண் தூசி சாத்திய அலுமாரிக்குள்ளும் போகும். அந்த நாட்களில் பதிவுப் படங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். கழுவுவதானால் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நமது நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். கழுவிக் காயவைத்தால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகத் தங்கிவிடும், காலிடுக்கில் தங்கியதை எடுக்கவே முடியாது. மாரியில் பிடித்து வடித்த மழைத்தண்ணீர் நல்லது, அல்லது பற்றரிக்கு ஊற்றும் வடிநீர். உலோக மீசை, வால் உள்ளவற்றை நனைக்காமல் ஊதுபந்தால் ஊதி, மென்துணியால் ஒற்றி எடுப்பதே பாதுகாப்பு. பருத்திக் கையுறை கட்டாயம். நகைக்கடை வெல்வெட் துணியையும் விரித்துப் பார்த்தேன். பஞ்சு ஒட்டுவதால் கைவிட்டேன். அக்ரிலிக்கில் கீறல் விழும் என்றாலும் மாற்றுத் துண்டு எளிதில் கிடைக்கும்.

மாரி மாதங்களில் வில்லையைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருப்பதால் இதுவரை பூஞ்சணம் பிடிக்கவில்லை.

பெட்டியின் உடல்நிலை சுமார். மடிப்புகளில் உறை வெடித்துவிட்டது, வெள்ளைத் திரை மஞ்சள் ஏறிவிட்டது, எல்ஈடி வரிசைகளில் ஒன்று மற்றதைவிட மங்கல். மங்கலான பக்கத்தில் வெள்ளைக் கடதாசி ஒன்றைச் சாய்த்துவைத்துச் சமாளிக்கிறேன். அதன் பெரிய நன்மை யூஎஸ்பி மின்சாரத்தில் எரிவது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோதும் பவர் பாங்க் கொண்டு வேலை நடந்தது. இருட்டுப் படங்களுக்கோ அந்த இரவுகளைவிட வசதியான இரவுகள் கிடைத்ததில்லை: தெருவிளக்கு இல்லை, எதிர்வீட்டு மின்குமிழ் இல்லை, எங்கிருந்தும் ஓர் ஒளிக்கீற்றுக்கூட வந்து பட்டையில் ஏறவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ரோச்சும் அக்ரிலிக்கும் முக்காலியும் வாங்குங்கள். சேகரிப்பு பெரிதாகிப் பதிவு தேவைப்படும்போது ஒளிப்பெட்டியை யோசிக்கலாம். அப்போதும் உங்கள் மிக உயரமான பொம்மையைப்போல இருமடங்கு உயரமுள்ளதாகப் பாருங்கள், அட்டைகள் நிறுத்த இடம் வேண்டும். வானவில் முலாம் பூசிய வண்ணத்துப்பூச்சி போன்றவை இதற்கு விலக்கு. அவற்றின் நிறம் மேற்பூச்சில் இருப்பதால் பெட்டியின் பரந்த வெளிச்சத்திலேயே அழகாக வருகின்றன. அவற்றுக்கு அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் மட்டும் ஆகாது, பூச்சு போய்விடும்.