சுவர் டைல்ஸுக்குச் சிமெண்டா, அடெசிவா: கழன்று விழுந்தால் யாரைக் கேட்பது?

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் குளியலறைக்கும் டைல்ஸ் ஒட்ட, சிமெண்ட் கலவைக்குப் பதிலாக, பாலிமர் என்ற பசைப்பொருள் கலந்து மூட்டையில் வரும் அடெசிவைத்தான் வாங்கினோம். காரிமங்கலத்தில் அக்கா வீட்டில் அடெசிவ் போட்டு ஒட்டிய டைல்ஸ் அடுப்புக்குப் பின்னால் கழன்று விழுந்ததைப் பார்த்த பிறகும் அதையே வாங்கினோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் சிமெண்டைத்தான் சொன்னார்கள். நாங்கள் ஏன் கேட்கவில்லை என்பதை இப்போது வீடு கட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

செலவு, வேகம் பற்றியெல்லாம் கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். சிமெண்ட் மலிவு, எந்தக் கொத்தனாருக்கும் பழகிய வேலை. பூச்சு கோணலாக இருந்தாலும் 15, 20 மி.மீ. கலவையில் சரிக்கட்டிவிடலாம். அடெசிவ் 3 முதல் 6 மி.மீ. கனத்துக்கானது. சுவர் மட்டமாக இருந்தே ஆக வேண்டும். 20 கிலோ மூட்டை ஒன்று 3 மி.மீ. கனத்தில் சுமார் 40, 50 சதுர அடிக்கு வரும். கையைக் கடிக்கும்தான்.

எந்த டைல்ஸ் என்பதைப் பொறுத்துப் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். பழைய செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும். ஊறவைத்து ஒட்டினால் சிமெண்ட் பால் அதன் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பாலக்கோட்டில் அப்பா கட்டிய வீட்டில் அப்படி ஒட்டியவை இன்றைக்கும் அசையாமல் நிற்கின்றன. துளையே இல்லாத அளவுக்கு இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்குள்தான். அதன் முதுகில் சிமெண்ட் இறங்க இடமே இல்லை. அடெசிவில் கலந்திருக்கும் பாலிமர்தான் அங்கே பிடிமானம் தருகிறது. இப்போது சமையலறைச் சுவருக்கே நாலடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு கேட்கிறோம் என்றால் சிமெண்டை நம்பி ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் என்னை அடெசிவ் பக்கம் சாய்த்தது இன்னொரு காரணம். விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அக்கா வீட்டில் கூடவே இருந்து பார்த்தேன்.

டைல்ஸ் விழுந்ததும் மேஸ்திரி அடெசிவைக் குறை சொன்னார். அடெசிவ் விற்ற டீலர் மேஸ்திரியைக் குறை சொன்னார். பல தடவை போன் போட்ட பிறகு கம்பெனி ஆள் வந்தார். ரப்பர் சுத்தியலால் மற்ற டைல்ஸையும் தட்டினார். சில இடங்களில், உள்ளே பிடிப்பில்லாமல் வெற்றிடம் இருப்பதைப் போலப் பொள்ளென்று சத்தம் கேட்டது. அவற்றில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். அடெசிவை வரிவரியாகத் தடவும் பல் கரண்டி சுவரில் இழுத்த வரிகள் நசுங்காமல் அப்படியே நின்றிருந்தன. டைல்ஸின் முதுகு துடைத்துவிட்டதைப் போலச் சுத்தமாக இருந்தது.

"சுவர்ல பிடிச்சிருக்கு மேடம், டைல்ஸ்லதான் பிடிக்கல. எங்க பொருள் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப டைல்ஸ் கடைக்காரர்கிட்டதான் போகணுமா தம்பி?" என்று அக்கா கேட்டதற்கு, "மேஸ்திரியையும் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. எந்த இடத்தில் பிரிந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே காரணம் ஓரளவு தெரிந்துவிடும். அடெசிவ் சுவரிலேயே தங்கி டைல்ஸின் முதுகு சுத்தமாக இருந்தால், தடவிவிட்டு நேரம் கடத்தியதில் மேலே ஆடை கட்டியிருக்கலாம், சரியாக அழுத்தாமல் விட்டிருக்கலாம், அல்லது டைல்ஸ் முதுகில் தூசு இருந்திருக்கலாம். அடெசிவ் முழுதும் டைல்ஸோடு வந்து சுவர் வெறுமையாக இருந்தால் சுவரில் தூசோ பழைய பெயிண்டோ இருந்திருக்கிறது, அல்லது பிரைமர் அடிக்காத ஜிப்சம் பூச்சாக இருந்திருக்கிறது. பூச்சே பெயர்ந்து வந்தால் பூச்சுக் கலவை பலமில்லை. அடெசிவ் நடுவில் பிளந்து, பாதி அங்கும் பாதி இங்குமாக மாவாக உதிர்ந்தால்தான் சந்தேகம் மூட்டையின் மேல் வலுவாக விழும். அப்போதும் தண்ணீர் அதிகம் ஊற்றிக் கலக்கினார்களா என்று கம்பெனி கேட்கும்.

அக்கா வீட்டுப் பரணில் மீதி டைல்ஸ் கொஞ்சம் இருந்தது. அதன் முதுகை விரலால் தேய்த்தபோது வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. சூளையில் டைல்ஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூசுவது அது. ஈரத் துணியால் துடைக்காமல் ஒட்டினால் அடெசிவ் அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், டைல்ஸைப் பிடிக்காது. அந்தப் பொடியையும் கழன்ற டைல்ஸின் போட்டோவையும் காட்டிய பிறகுதான் டைல்ஸ் கடைக்காரர் புது டைல்ஸ் கொடுக்கச் சம்மதித்தார். அடெசிவ் கம்பெனி, பொறுப்பு தங்களுடையது இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு மூட்டைகளைக் கொடுத்தது. கூலி அக்காவின் கையிலிருந்துதான் போனது.

முழு நியாயம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதற்கு ஆள் இருந்தார்கள், காட்டுவதற்குத் தடயம் இருந்தது. இதையே சிமெண்டில் ஒட்டியிருந்தால் சிமெண்ட் கம்பெனியிடம் என்ன கேட்பது? கலவை நம் வாசலில் போட்டது. எம்-சாண்டில் தூசு எவ்வளவு, சிமெண்ட் எத்தனை சட்டி, போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு, எதற்கும் கணக்கு இல்லை. மேஸ்திரி அடுத்த வேலைக்கு ஓசூர் போயிருப்பார். அடெசிவ் மூட்டையிலோ பேட்ச் எண், தயாரித்த மாதம், எவ்வளவு தண்ணீர், எந்தச் சுவர், எந்த டைல்ஸ் என்று எல்லாமே அச்சாகியிருக்கிறது. கம்பெனி தப்பிக்கவும் அந்த எழுத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. நாம் பிடிக்கவும் அதே எழுத்துதான் உதவும்.

இந்த விஷயத்தில் சட்டமும் ஓரளவு துணைக்கு நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். டைல்ஸும் அடெசிவும் பெங்களூரில் வாங்கிவரும் ஓசூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வழக்குக்காக பெங்களூர் அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஆணையத்தில் வழக்கு நடத்திய அனுபவம் எங்களுக்கு இல்லை. அக்கா விவகாரம் பேச்சிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டு வேலையில் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் நடந்துகொண்டோம். மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற தர எண்ணும், எங்கள் டைல்ஸுக்குரிய வகையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். டைல்ஸின் அளவும் சுவரின் தன்மையும் எழுதி, இதற்கு எந்த வகை பொருந்தும் என்று டீலரிடம் கேட்டு வாட்ஸப்பில் பதில் வாங்கினோம். ஜிஎஸ்டி பில், பேட்ச் எண் தெரியும்படி மூட்டைகளின் போட்டோ, வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அடெசிவைத் தடவிய பிறகு டைல்ஸ் வைக்க 20 நிமிடம்தான் வழக்கமான அவகாசம். எங்கள் ஊர் சித்திரை வெயிலில், மேற்குச் சுவரில் அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது. தடவிய அடெசிவை விரலால் தொட்டு, விரலில் ஒட்டவில்லை என்றால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவச் சொன்னோம். டைல்ஸின் நாலு மூலைக்கும் நடுவுக்கும் மட்டும் அடெசிவை உருண்டையாக வைத்து ஒட்டுவதை மேஸ்திரி விட மறுத்தார். ஒரு டைல்ஸை ஒட்டி உடனே கழற்றிக் காட்டினேன். உருண்டைகளுக்கு இடையில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்த பிறகு, "சரிங்கண்ணா" என்று பல் கரண்டியை எடுத்தார்.

வீட்டு முகப்பான வெளிச்சுவர் எலிவேஷனுக்கும் பெரிய கிரானைட் பலகைகளுக்கும் இதே அடெசிவ் போதுமா என்று என்னால் சொல்ல முடியாது. நாங்கள் வீட்டுக்குள் மட்டும்தான் ஒட்டினோம். அங்கெல்லாம் இரும்புப் பிடி சேர்த்துப் போடுகிறார்கள், அந்த வேலை தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் கழிவறைக்கு ஒன்றரை அடி செராமிக் டைல்ஸ், சுவரும் கோணல், நல்ல கொத்தனாரும் கைவசம் என்றால் நானே சிமெண்டைத்தான் சொல்வேன். டைல்ஸை ஊறவைக்கிறார்களா என்று மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.