இரண்டு கொப்பி, ஓர் உடம்பு: ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் மாதாந்தக் கிளினிக்

நுவரெலியா மாவட்டத்திலுள்ள ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அம்மாவை நானும் தங்கையும் நான்கு ஆண்டுகளாக மாறி மாறி அழைத்துப்போகிறோம். அம்மாவுக்கு 66 வயது; சீனி (நீரிழிவு), பிரஷர், ஆஸ்துமா மூன்றும் இருக்கின்றன. முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்ததால் வந்த முழங்கால் வலியும் உண்டு. அது கிளினிக்கில் நோயையும் மருந்தையும் எழுதும் எந்தக் கொப்பியிலும் ஏறவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, ஒரு மாதத்துக்கான குளிசை எல்லாம் இலவசம். மருந்துத் தட்டுப்பாடு நாட்டையே ஆட்டிய 2022இல் சில குளிசைகளை வெளியே வாங்கச் சொன்னார்கள்; அப்போதும் கிளினிக்கை மூடவில்லை. வைத்தியர்களும் தாதியரும் அந்தக் கூட்டத்தைப் பொறுமையாகத்தான் சமாளிக்கிறார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சீனிக்கும் பிரஷருக்கும் செவ்வாய்க்கிழமை, ஆஸ்துமாவுக்கு வியாழக்கிழமை. இரண்டு வரிசை, இரண்டு வைத்தியர், இரண்டு கொப்பி. சென்ற மார்கழிக் குளிரில் அம்மாவுக்கு இழுப்பு அதிகமானபோது வியாழக்கிழமை கிளினிக்கில் சில நாட்களுக்குப் பிரெட்னிசோலோன் கொடுத்தார்கள். அது இரத்தத்தில் சீனியை ஏற்றும் மருந்து. அடுத்த செவ்வாய் சீனி 300ஐத் தாண்டியிருக்க, ஆஸ்துமாக் கொப்பியைப் பார்த்திராத வைத்தியர் சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசையை இரட்டிப்பாக்கினார். பிரெட்னிசோலோன் முடிந்தது, கூட்டிய கிளிக்லசைட் அப்படியே நின்றது. அதற்கடுத்த வாரம் விடியற்காலையில் சீனி மிகவும் இறங்கி, அம்மா வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தங்கையை வேறு யாருடைய பெயரையோ சொல்லி அழைத்தார். சீனி போட்ட தேத்தண்ணீர் ஒரு கோப்பை உள்ளே போன பிறகே தெளிந்தார். இரண்டு வைத்தியரும் தத்தம் கொப்பிக்குச் சரியாகவே நடந்துகொண்டார்கள் என்பதுதான் இதில் என்னை மிகவும் சங்கடப்படுத்துவது.

இதைக் கண்டுபிடித்தவர் மருந்துச் சாளரத்திலிருந்த பெண். இரண்டு கொப்பியையும், வீட்டிலிருக்கும் எல்லாக் குளிசைகளையும் கொண்டுவரச் சொல்லி, பையைக் கவிழ்த்து ஒவ்வோர் அட்டையாகப் பிரித்தார். முழங்காலுக்கென்று டவுன் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலிக் குளிசை அப்போதுதான் வெளியே வந்தது. அது பிரஷரை ஏற்றும், சீனிக்காரரின் சிறுநீரகத்துக்கு நல்லதல்ல, சில ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பையும் கூட்டும் என்று விளக்கி, அதைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு ஒவ்வோர் உறையிலும் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் பேனாவால் வரைந்து தந்தார். எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மா இன்று அந்தப் படங்களை வைத்தே மருந்தெடுக்கிறார். அந்தச் சாளரத்துக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து தருவேன்; கிளினிக் முறைக்கு இரண்டுதான்.

எங்கள் வீட்டுக் கதையாக மட்டும் இதைக் கொள்ள முடியவில்லை. இலங்கையில் பத்து மரணத்தில் எட்டு தொற்றா நோய்களால் நிகழ்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஐம்பதைக் கடந்தவர்களில் ஒரு நோயோடு நிற்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நோய்க்கொரு கிழமை என்ற ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு: நாட்சம்பளத்தில் கொழுந்தெடுக்கும் தங்கைக்கு மாதத்தில் இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம், போகிறது. அதனாலேயே வியாழனை விட்டுவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கொப்பியில் பார்ப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

போகிறவர்களுக்கு: இலக்கத்துண்டு வேண்டுமானால் ஆறரைக்கு முன் வாசலில் நில்லுங்கள். வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனைக்குப் போனால் இரத்தம் எடுத்ததும் சாப்பிட ரொட்டி கொண்டுபோங்கள். கன்டீனில் பத்து மணிக்கெல்லாம் ஒன்றும் மிஞ்சாது. தங்கை கோணி ஊசியும் நூலும் எடுத்து இரண்டு கொப்பியையும் முதுகோடு முதுகாகத் தைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமைத் தாதி முதலில் முகத்தைச் சுளித்தார். வைத்தியர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கிளிக்லசைட்டைப் பழைய அளவுக்கே குறைத்து எழுதினார்.