ஏற்காட்டில் 'மலைமேல் சினிமா' பேக்கேஜுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

வார இறுதியில் ஏற்காட்டில் திறந்தவெளி சினிமா, தங்குவதற்கு ரூம், மூன்று வேளை சாப்பாடு, சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன், எல்லாம் சேர்த்துத் தலைக்கு 4,500 ரூபாய் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டாதீர்கள். படங்களின் பட்டியலைப் பார்த்து ஆசை வந்தால்கூட இதை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள். நடத்துகிறவர்களின் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

விளம்பரத்தில் இருந்தது இதெல்லாம்: ரீஸ்டோர் செய்த (கீறல், மங்கல் நீக்கிப் புதுப்பித்த) பிரிண்ட், 4கே புரொஜெக்டர், நள்ளிரவுக் காட்சி, பிரபல ஒளிப்பதிவாளருடன் கலந்துரையாடல். வெள்ளி இரவு அலிபாபாவும் 40 திருடர்களும், சனி இரவு மந்திரி குமாரி, அது முடிந்ததும் கொட்டுக்காளி, ஞாயிறு காலை அயலி முழுத் தொடரும். என்னைவிட என் மாமாதான் இதில் மயங்கினார், பணம் கட்டிப் போய்விட்டும் வந்தோம். சேலம் அம்மாப்பேட்டையில் வளர்ந்தவர், பட்டியலில் இருந்த அலிபாபாவையும் மந்திரி குமாரியையும் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் அவருக்குக் குலதெய்வம். 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவுக்கு அடையாளமாக இன்றைக்கு ஏற்காடு ரோட்டில் முகப்பு வளைவு மட்டும்தான் மிச்சம். வேன் அதைத் தாண்டும்போது மனுஷர் நிஜமாகவே கும்பிட்டார், டிரைவர் ஏதோ கோயில் என்று நினைத்து வண்டியை ஸ்லோ பண்ணினார்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனால், 'திரை' என்று அவர்கள் சொன்னது இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவில் கட்டின வெள்ளைப் பெட்ஷீட். காற்று அடித்தால் அலிபாபாவின் குகை உள்ளே போய் வெளியே வருகிறது. அப்புறம் பனி இறங்கியது. ஏற்காட்டில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும், அங்கே தொழில் பண்ணுகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. புரொஜெக்டர் வெளிச்சம் பனியிலேயே கரைந்து, திரையில் போய் விழுந்தது பாதிதான். அந்த 4கே சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிச் சின்னப் புரொஜெக்டர் பெட்டிகளில் '4கே சப்போர்ட்' என்று எழுதியிருந்தால், 4கே வீடியோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், 4கேயில் காட்டும் என்று அர்த்தமில்லை. கேட்க வேண்டியது நேட்டிவ் ரெசல்யூஷன் (அது நிஜமாகத் திரையில் காட்டும் புள்ளிகள்) எவ்வளவு, லூமன்ஸ் (வெளிச்சம்) எவ்வளவு என்று. நான் அங்கே கேட்டதற்கு மேனேஜர் தம்பி, "நல்ல கம்பெனிங்க சார்" என்றார்.

அலிபாபா 1956ல் வந்தது, தமிழின் முதல் முழுநீளக் கலர் படம், கேவா கலர் என்ற ஃபிலிமில் எடுத்தது. ரீஸ்டோர் பண்ணினால் எப்படி இருக்கும் என்று ஆவலோடு உட்கார்ந்தால் வந்தது யூடியூப் பிரிண்ட், மூலையில் ஒரு சேனல் லோகோ, நடுநடுவே லோன் ஆப் விளம்பரம். போதாததற்கு அந்தக் காலத்துப் படங்களின் ஃபிரேம் ஏறக்குறையச் சதுரமானது, அதை அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். "ஏன் மாப்ளே, வாத்தியார் இப்படிப் பருத்துட்டாரு?" என்று மாமா கேட்டார். படத்தைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், எம்.ஜி.ஆர். ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதைத் தாங்குவது பானுமதியும் பி.எஸ்.வீரப்பாவும்தான். பானுமதி இருக்கிற காட்சியில் பக்கத்தில் யார் நின்றாலும் கண் அங்கே போவதில்லை. காமெடியில் பாதியை இன்றைக்கு வெட்டினால் யாரும் தேட மாட்டார்கள்.

ஏன் பழைய படமாகப் பார்த்துப் போடுகிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. நம் சட்டத்தில் ஒரு திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1950ல் வந்த மந்திரி குமாரிக்கும் 1956ல் வந்த அலிபாபாவுக்கும் அது முடிந்துவிட்டது, படத்துக்கென்று தயாரிப்பாளருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சரி, அதில் தப்பில்லை, நல்லதுதான். ஆனால் இலவசமாகக் கிடைப்பதை 'ரீஸ்டோர் செய்தது' என்று சொல்லி விற்பது வேறு.

மறுநாள் சாயங்காலம் கலந்துரையாடல். பிரபல ஒளிப்பதிவாளர் என்று வந்தவர் கல்யாண வீடியோ எடுக்கிறவர். பாவம், அவருக்கே தன்னை அப்படி விளம்பரப்படுத்தியிருப்பது தெரியாது, காட்டினதும் முகம் சுருங்கிவிட்டது. அந்த மூன்று நாளில் வேலை தெரிந்த ஆள் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். புரொஜெக்டர் செட்டிங்கில் போய் அகலம், உயரம் 4:3 என்று வைத்து மந்திரி குமாரியை ஒழுங்கான அளவுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

மந்திரி குமாரி நான் நினைத்ததைவிட நல்ல படம். எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்தது, கலைஞர் வசனம். பெயர் வாங்கினது எம்.ஜி.ஆர். என்றாலும் படம் எஸ்.ஏ.நடராஜனுடையது. ராஜகுருவின் கொள்ளைக்கார மகனாக வந்து அலட்டிக்கொள்ளாமல் கெட்டவனாக இருக்கிறார், அந்தக் காலத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது. மாதுரி தேவி கடைசியில் அவரோடு மலை உச்சிக்குப் போகிற கட்டம் குண்டலகேசி கதையிலிருந்து வந்தது. கொல்லப்போகிற புருஷனைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டுச் சாகிறேன் என்று அவள் கேட்கிறாள். இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் முதல்முறையாக அமைதியாக இருக்கிறது. அப்போது திரை முழுக்க 'கோழிக்கடை ராஜேந்திரன்' என்று வந்து ரிங் அடித்தது. மேனேஜர் தம்பி தன் போனிலிருந்து படத்தை ஓட்டியிருக்கிறார். கட் பண்ணாமல் எடுத்துப் பேசவும் செய்தார், நாளைக்கு எத்தனை கிலோ என்று. பேசி முடித்து வந்தபோது நடராஜன் இல்லை.

நள்ளிரவுக் காட்சிக்கு வருவோம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்தவெளியில் ஸ்பீக்கர் வைக்கக் கூடாது, இது 2000லிருந்து இருக்கிற ஒலி மாசு விதி, நாடு முழுக்கப் பொருந்தும். அப்படியென்றால் வெளியே நள்ளிரவுக் காட்சி என்று விளம்பரம் செய்தபோதே அது நடக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு எஸ்டேட்காரர் ஒருவர் வந்து சத்தம் போட, கொட்டுக்காளியை டைனிங் ஹால் டிவிக்கு மாற்றினார்கள். பி.எஸ்.வினோத்ராஜின் அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், பூச்சிச் சத்தம், சூரியின் கரகரத்த குரல், ஏறக்குறையப் பேசாமலே உட்கார்ந்திருக்கிற அன்னா பென், இதுதான் படம். அதைப் பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில் போட்டால் என்ன மிஞ்சும்? பட்டியலிலேயே ஆகச் சிறந்த படம் என்று நான் சொல்வேன், ஆனால் முடிவை நம் கையில் விட்டுவிட்டுப் போகிற படம், எல்லாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன். மாமா "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

இதில் ஒரு கூத்து, எங்களை உள்ளே மாற்றுவதற்கு முன் அதே டிவியில் சமையல்கார அம்மா எதிர்நீச்சல் பழைய எபிசோடு பார்த்துக்கொண்டிருந்தார். படமும் சத்தமும் அவ்வளவு தெளிவு. மெகா சீரியலை மட்டமாகப் பேசுகிறவர்கள், அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து இருந்தவரைக்கும் வந்த எபிசோடுகளைப் பார்க்கட்டும், ஆதி குணசேகரன் மாதிரி ஒரு ஆள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார் என்பதால்தான் பயமாக இருந்தது. 2023 செப்டம்பரில் மாரிமுத்து காலமானார், அதற்குப் பிறகு என்னால் அதை ஒட்டிப் பார்க்க முடியவில்லை.

அயலி மூன்றாவது எபிசோடோடு நின்றது. யாருடைய சொந்த அக்கவுண்ட்டிலோ ஓட்டியிருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் வேறு ஏதோ பார்க்க ஆரம்பித்ததும் இங்கே நின்றுவிட்டது. வீட்டில் பார்க்கக் கொடுத்த சந்தாவை வைத்து டிக்கெட் போட்டுக் காட்டக் கூடாது என்பது தனி விஷயம். வயதுக்கு வந்ததை மறைத்துப் படிக்கிற தமிழ்ச்செல்வியின் கதை, கடைசிப் பக்கம் கொஞ்சம் மேடைப்பேச்சு ஆகிவிடும், இருந்தாலும் வீட்டில் பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். எட்டு எபிசோடுதான்.

கிளம்பும்போது பில்லில் 'சவுண்ட் சார்ஜ்' 300, கேம்ப் ஃபயர் 500. ஜிஎஸ்டி எண் இல்லை. பணம் போனது ஒரு தனிநபரின் ஜிபே நம்பருக்கு. திருப்பிக் கேட்டால் மேனேஜர் தம்பி, "அடுத்த பேட்ச்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாங்க சார்." மாமா அவரிடம், "தம்பி, அடுத்த பேட்ச்லயும் கோழிக்கடைக்காரர் வருவாருங்களா?" என்று கேட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. விளம்பரம், பணம் அனுப்பின ரசீது, பேசின வாட்ஸ்அப் எல்லாம் வேண்டும். அவர்கள் அந்த விளம்பரத்தை இப்போது எடுத்துவிட்டு, 'ரீஸ்டோர்' என்ற வார்த்தை இல்லாமல் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் இருக்கிற ஸ்கிரீன்ஷாட்டில் ஒளிப்பதிவாளர் வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. எங்களோடு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முழு ஸ்கிரீன்ஷாட் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.