வஸ்தோக்கா, மெர்க்குரியா: எந்தச் சுவிட்ச் எதற்கு?

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் சோவியத் விண்கலமான வஸ்தோக்கில் பூமியைச் சுற்றி வந்தார். மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் அமெரிக்க விண்கலமான மெர்க்குரியில் கால் மணி நேரம் பறந்து கடலில் இறங்கினார். இடைவெளி மூன்று வாரம்தான். ஆனால் இரண்டு கலங்களின் காக்பிட் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே வேலைக்குச் செய்தவை என்று நம்பவே முடியாது. மெர்க்குரியில் 55 மின் சுவிட்சுகள், 30 ஃபியூஸ்கள், 35 இயந்திர நெம்புகோல்கள் என 120 இருக்கின்றன. வஸ்தோக்கில் முகத்துக்கு எதிரே கடிகாரமும் சில மானிகளும் கொண்ட ஒரு பலகை, இடப்பக்கம் சின்னதாக ஒரு சுவிட்ச் பெட்டி, வலக்கைக்குக் கலத்தைத் திருப்பும் ஒரு ஸ்டிக், கால்மாட்டில் ஒரு வட்டக் கண்ணாடி. ஏறக்குறைய அவ்வளவுதான்.

படத்தில் எது எந்தச் சுவிட்ச் என்று கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் வஸ்தோக் சுலபம் என்று நினைப்பார்கள். எண்ணிக்கையில் சுலபம்தான். ஆனால் அங்கே முக்கியமானது ஒரு பூட்டு. வஸ்தோக் தானாகவே போய்த் தானாகவே திரும்பும்படி கட்டப்பட்டது. எடையற்ற நிலையில் மனிதனுக்குப் புத்தி பிசகிவிடுமோ என்று மருத்துவர்கள் பயந்தார்கள். அதனால் கை இயக்கத்தை அடைத்து வைத்து, இடப்பக்கப் பெட்டியில் ஆறு எண் பொத்தான்களைப் பொருத்தினார்கள். மூன்று இலக்க எண்ணை அழுத்தினால்தான் ஸ்டிக் வேலை செய்யும். எண், 125. அது ஓர் உறைக்குள் மூடி கலத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. ஏவுவதற்கு முன்பே அதை ககாரினிடம் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சொல்லிவிட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தங்கள் ஆளை நம்பிய பொறியாளர்கள் அவர்கள். அவருக்கு எண் தேவைப்படவில்லை. கையால் கலத்தைத் திருப்பிப் பார்க்கும் சோதனையை ஆகஸ்டில் போன கெர்மன் தித்தோவ் செய்தார்.

மெர்க்குரியைப் படிக்க நல்ல வழி, பலகையின் இடப்பக்கத்தில் தொடங்குவது. அங்கே விளக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்: ஆபத்தில் கலத்தை இழுத்துக்கொண்டு போகும் தப்பிக்கும் கோபுரம் கழல்வது, கலம் ராக்கெட்டிலிருந்து பிரிவது, வேகத்தைக் குறைத்துக் கீழே இறக்கும் ரெட்ரோ ராக்கெட் எரிவது, பாராசூட் விரிவது, கடலில் இறங்குமுன் காற்றுப்பை தொங்குவது. மேலிருந்து கீழே போனால் பயணமே வரிசையாகக் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒழுங்காக நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் பக்கத்திலேயே கையால் நடத்த வழி இருக்கும். தானியங்கி தவறிய அதே இடத்தில் மனிதனின் விரல் போய் நிற்கிறது. அந்தக் காலக் காக்பிட்டுகளில் இதைவிடத் தெளிவான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. கையுறையைக்கூட இதை நினைத்தே செய்தார்கள்: மற்ற விரல்கள் ஸ்டிக்கைப் பிடிக்க வசதியாக வளைந்திருக்கும், நடுவிரல் மட்டும் பொத்தான் அழுத்த நேராக நிற்கும்.

1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் பறந்தபோது இந்தப் பலகையின் அருமை தெரிந்தது. காற்றுப்பை முன்கூட்டியே அவிழ்ந்துவிட்டதாகத் தரைக்கு ஒரு சிக்னல் வந்தது. காற்றுப்பை வெப்பக் கவசத்துக்குப் பின்னே மடிந்திருப்பது; அது அவிழ்ந்தது உண்மையென்றால் கவசம் தளர்ந்திருக்கிறது, திரும்பும்போது கலம் எரிந்துபோகும். தரையில் இருந்தவர்கள் விஷயத்தைச் சொல்லாமல், காற்றுப்பை சுவிட்ச் அணைந்துதானே இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்புறம் அந்தச் சுவிட்சைத் தானியங்கி நிலையில் போட்டு விளக்கு எரிகிறதா பார்க்கச் சொன்னார்கள். எரியவில்லை. கெட்டுப்போயிருந்தது ஓர் உணர்வி மட்டுமே. ஒரு சுவிட்சையும் ஒரு விளக்கையும் பற்றிய கேள்விகளை வைத்தே கிளென் என்ன பிரச்சினை என்று ஊகித்துவிட்டார். அதைச் சொல்லாமல் மறைத்தது சரியில்லை என்று அவர் பிறகு கருதியதில் நியாயம் இருக்கிறது.

மெர்க்குரி சறுக்கிய இடம் ஸ்டிக். முன்னும் பின்னும் சாய்த்தால் மூக்கு ஏறி இறங்கும், பக்கவாட்டில் சாய்த்தால் உருளும், முறுக்கினால் இடவலமாகத் திரும்பும். இதுவரை பிரமாதம். ஆனால் அதே ஸ்டிக் இரண்டு வேறு அமைப்புகளுக்குப் பொது. ஒன்று தானியங்கியின் எரிபொருளை மின்வழியாக எடுக்கும், மற்றது கை இயக்கத்துக்கென்று இருக்கும் தனித் தொட்டியிலிருந்து எடுக்கும். எது இயங்குகிறது என்பதை ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கை உணர முடியாது. 1962 மே 24 அன்று ஸ்காட் கார்ப்பென்டர் ஒன்றுக்கு மாறும்போது மற்றதை அணைக்க மறந்தார். இரண்டு தொட்டிகளும் சேர்ந்து காலியாயின. ரெட்ரோ ராக்கெட் 3 விநாடி தாமதம், கலமும் சரியான திசையிலிருந்து சற்று விலகி நின்றது. இலக்கைத் தாண்டிச் சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி விழுந்தார். பழி முழுவதும் கார்ப்பென்டர் மேல் விழுந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட முடியும் என்று வடிவமைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பேன். வஸ்தோக்கில் அந்தத் தவறுக்கு இடமே இல்லை.

வெளியே பார்ப்பதிலும் வஸ்தோக்குக்கே என் ஓட்டு. கால்மாட்டில் இருந்த அந்த வட்டக் கண்ணாடியின் பெயர் வ்ஸோர். நடுவில் நேர்கீழே தரை தெரியும். சுற்றிலும் எட்டுச் சாளரங்கள். கலம் நேராக நின்றால் எட்டிலும் அடிவானம் தெரியும். எண் படிக்க வேண்டாம், ஊசி பார்க்க வேண்டாம். மெர்க்குரியின் பெரிஸ்கோப்பும் பலகையின் நடுவே வட்டத் திரையாக இருந்தது, ஆனால் அதைக் கையாள்வது சிரமம். ஏவுதளத்தில் வெயிலுக்காகச் சாம்பல்நிற வடிகட்டியைப் போட்ட ஷெப்பர்ட், மேலே போனதும் அதை நீக்கக் கையை நீட்டினார். மணிக்கட்டில் இருந்த அழுத்தமானி, பயணத்தைக் கைவிடும் கைப்பிடியில் இடித்தது. கையை எடுத்துக்கொண்டார், பூமியைச் சாம்பல் நிறத்திலேயே பார்த்தார்.

வ்ஸோர் எவ்வளவு நல்லதானாலும் ஆள் உட்காரும் திசை மாறினால் வீண். வஸ்தோக்கை மாற்றிச் செய்த அடுத்த கலமான வஸ்கோதில் இருக்கைகளை 90 டிகிரி திருப்பிவிட்டு, கருவிகளைப் பழைய இடத்திலேயே விட்டார்கள். 1965 மார்ச்சில் வஸ்கோத் 2-இன் தானியங்கி கைவிட்டபோது, பாவெல் பெல்யாயேவ் இருக்கைகளுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டுதான் வ்ஸோரைப் பார்க்க முடிந்தது. பிறகு அவரும் உடன் பறந்தவரும் தத்தம் இருக்கைக்குத் திரும்பவும் நேரம் போயிற்று. இலக்கைத் தாண்டி, பெர்ம் பகுதியில் பனிக்காட்டுக்குள் இறங்கினார்கள்.

வஸ்தோக், மெர்க்குரி இரண்டிலும், கலம் பூமியில் எந்த இடத்துக்கு மேலே இருக்கிறது என்று காட்டும் ஒரு குட்டி உலக உருண்டை உண்டு, படத்தில் குழப்பிக்கொள்ள வேண்டாம். பலகையில் பெரிதாக, பல்சக்கரங்களால் ஓடுவது சோவியத் குளோபஸ். அந்த வகைக் கருவி சோயுஸ் கலங்களில் 2002 வரை ஓடியது. மெர்க்குரியில் இருப்பது கடிகாரம்போல் சாவி கொடுத்து ஓட்டியது.

மெர்க்குரி படம் எந்தப் பயணத்தினுடையது என்பதையும் பாருங்கள், ஏனென்றால் பலகை கலத்துக்குக் கலம் மாறியது. பெரிய ஜன்னல் இல்லாமல் பக்கத்துக்கு ஒரு சிறு வட்டத் துளை மட்டும் இருந்தால் ஷெப்பர்டின் கலம்; ஜன்னல் வந்தது 1961 ஜூலையில் பறந்த கஸ் கிரிஸமிலிருந்து. நடுவில் பெரிஸ்கோப் திரையே இல்லையென்றால் அது 1963 மே மாதம் பறந்த கார்டன் கூப்பரின் கலம். மின்சாரம் செத்து, தானியங்கி முழுவதும் போன பிறகு, கைக்கடிகாரத்தையும் ஜன்னலையும் வைத்தே அவர் கையால் இறக்கினார், மீட்புக் கப்பலுக்குச் சில கிலோமீட்டர் பக்கத்தில்.