மட்டையா, பிளாஸ்டிக்கா, ரீவி கேம் பெட்டியா? கிழக்கில் பழைய கேம் பெட்டி தேடுகிறவர்களுக்கு

பழைய வீடியோ கேம் சேர்க்கிறவர்களிடம் ஒரு விசித்திரம் உண்டு, விளையாடுகிற சாமானை விட அது வந்த பெட்டிக்குத்தான் அடிபிடி. 2010 இல் அமெரிக்காவில் ஒரு பெண் வீட்டில் கிடந்த நிண்டெண்டோ கேம் கருவியையும் கொஞ்சம் கசெட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஈபேயில் போட்டார், 13,105 டொலருக்குப் போனது. காரணம் அந்தக் குவியலுக்குள் இருந்த ஸ்டேடியம் ஈவென்ட்ஸ் என்ற ஒரே ஒரு கேம், அதுவும் பெட்டியோடு. காலால் மிதித்து விளையாடும் பாய் ஒன்றுக்காக பண்டாய் கம்பனி 1987 இல் வெளியிட்டது அது. பிறகு அந்தப் பாயின் உரிமையை நிண்டெண்டோ வாங்கி, அதே கேமை வேர்ல்ட் கிளாஸ் ட்ராக் மீட் என்று பெயர் மாற்றி விட்டதால் பழைய பெயர் போட்டவை கடைகளில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டன. உள்ளே ஓடுவது கிட்டத்தட்ட ஒரே கேம், வெளியே அச்சடித்த பெயர்தான் வேறு. இதைப் பைத்தியம் என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் அந்தப் பைத்தியத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது: கசெட் கெட்டியான பிளாஸ்டிக், அது கிடக்கும், பெட்டியோ வாங்கிய அன்றே பிள்ளைகள் கையில் கிழிந்து போகிற சாமான்.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர், தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் பழைய கேம் பெட்டி என்று ஏதாவது அகப்பட்டால் அது பெரும்பாலும் நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்த நிண்டெண்டோ மட்டைப்பெட்டி, நிண்டெண்டோவின் போட்டிக் கம்பனியான சேகாவின் பிளாஸ்டிக் பெட்டி, சவூதி, குவைத் போனவர்கள் கொண்டுவந்த கேம் அண்ட் வோட்ச் என்ற நிண்டெண்டோவின் கையடக்க கேம், அப்புறம் நாமெல்லாம் ரீவியில் பொருத்தி விளையாடிய கொப்பி ரீவி கேம். பிளேஸ்டேஷனை நான் சேர்க்கவில்லை. இங்கே ஓடியதெல்லாம் கலர் போட்டோகொப்பி தாள் செருகிய பொலித்தீன் உறையில் வந்த கொப்பி சீடி, அதைப் பெட்டி என்று சொல்ல வாய் வராது.

பெயர் பெற்றது நிண்டெண்டோ மட்டைதான், உலகச் செய்தியில் வருவதும் அதுதான். 2021 ஏப்ரலில் சீல் உடைக்காத ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 660,000 டொலருக்கு ஏலம் போனது. 1986 இல் கிறிஸ்மஸ் பரிசாக வாங்கி லாச்சிக்குள் போட்டு மறந்துபோன ஒன்று. அதே வருடம் ஜூலையில் சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலர். இந்தச் செய்திகள் வந்த பிறகுதான் நம்மவர்களும் அலுமாரியைத் துழாவத் தொடங்கினார்கள், ஆனால் அந்தக் கதை நம்ம வீட்டுக் கதை இல்லை. அங்கே விலை போவது சீல், அதிலும் எந்தப் பதிப்பின் சீல் என்பது. ஆரம்பத்தில் பொலித்தீன் சுற்றாமல் வட்ட ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி வந்த பதிப்பு ஒன்று, பிறகு பின்பக்கம் கடையில் தொங்கவிடுவதற்கான மட்டை நாக்கோடு வந்தது ஒன்று, அப்புறம் நாக்கு இல்லாதது. பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே பெட்டி, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதெல்லாம் அமெரிக்கச் சந்தைக்கு அச்சடித்தவை, இங்கே வந்து சேரும் வாய்ப்பு மிகக் குறைவு.

நம்ம பக்கத்துக்கு நிண்டெண்டோ வந்தது பெரும்பாலும் 2002 சமாதான காலத்துக்குப் பிறகு, சுவிஸிலும் லண்டனிலும் கனடாவிலும் இருந்து லீவுக்கு வந்தவர்களோடுதான். கேம்போய் என்ற கையடக்கக் கருவி வரும், பெட்டி வராது. பயணப்பையில் இடம் வேண்டும், கிலோக் கணக்கு வேறு, பெட்டியை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். தப்பித் தவறி வந்ததையும் நம்ம காலநிலை விடாது. ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், கார்த்திகை, மார்கழி மழையில் சுவரே வியர்க்கும். 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம், அதற்கு முன்னே இடம்பெயர்வுகள், இத்தனையிலும் ஒரு மட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார்? உறுதியையும் அடையாள அட்டையையும் எடுக்கவே நேரமில்லாத ஊர் இது.

சேகா இந்த இடத்தில் கெட்டிக்காரன். அவர்களின் மெகா டிரைவ் கருவிக்கான கேம்களும், அதற்கு முந்திய மாஸ்டர் சிஸ்டம் கேம்களும், புத்தகம் போல் திறக்கும் தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் வந்தன. அமெரிக்காவில் பிற்காலத்தில் அவர்களும் மட்டைக்கு மாறினார்கள், ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் வந்தவற்றில் கண்ணில் படுவது பிளாஸ்டிக்தான். வெள்ளம் வந்து போனாலும் கழுவிக் காயவைத்தால் பெட்டி பெட்டியாகவே இருக்கும். அதனால்தான் சில வீடுகளில் ஊசி, நூல், பொத்தான் போட்டு வைக்கும் டப்பாவாக இன்னும் உயிரோடு கிடக்கிறது. பிரச்சினை வெளியுறைக்குள் செருகியிருக்கும் அட்டைப்படத் தாளில். அந்தக் கண்ணாடி உறைக்குள் ஈரம் போனால் வெளியே வர வழியில்லை, தாளின் மை உறையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தீர்களோ, படம் உறையில் தங்கும், வெறும் தாள் கையில் வரும். பெட்டி மட்டும் இருந்து தாள் இல்லாவிட்டால் அதன் மதிப்பு ஊசிநூல் டப்பாவின் மதிப்புத்தான்.

இன்னொரு பலவீனமும் உண்டு, சேகாவின் தாளைப் போலியாக அடிப்பது சுலபம். ஒரே ஒரு தட்டைத் தாள், நல்ல ஸ்கேனும் பளபளப்புத் தாளும் இருந்தால் எவரும் அடிக்கலாம். மட்டைப்பெட்டியைப் போலியாகச் செய்ய வெட்டு, மடிப்பு, மட்டையின் தடிப்பு, உள்பக்கத்தின் நிறம் எல்லாம் ஒத்துவர வேண்டும். செய்கிறார்கள்தான், ஆனால் பிடிபட இடம் அதிகம். நகை வேலை செய்கிறவர் கண்ணில் வைக்கிற லென்ஸ் ஒன்று கடன் வாங்கிப் பாருங்கள். பழைய ஓப்செட் அச்சில் நாலு நிறப் புள்ளிகளும் ஒழுங்கான அடுக்கில், சின்னச் சின்னப் பூ மாதிரித் தெரியும், கறுப்பு எழுத்துக்களின் ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். வீட்டுப் பிரிண்டரில் அடித்தது என்றால் எழுத்தின் ஓரம்கூடத் தூவிய புள்ளியாகச் சிதறியிருக்கும். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கிற நீல விளக்கும் உதவும், இப்போதைய வெள்ளைத் தாள் அதன் கீழ் பளிச்சென்று மின்னும், பழைய மட்டை பெரும்பாலும் மங்கலாகவே கிடக்கும். விளக்கை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், லென்ஸ்தான் நீதிபதி.

என் வாக்கு கேம் அண்ட் வோட்சுக்கு. காரணம் காலமும் இடமும் நமக்குப் பொருந்துகிறது. நிண்டெண்டோ 1980 ஏப்ரலில் இதைத் தொடங்கி 1991 வரை கிட்டத்தட்ட அறுபது வகை வெளியிட்டது, கிழக்கில் இருந்து ஆட்கள் மத்திய கிழக்குக்கு அலை அலையாய்ப் போனதும் அதே காலம். விடுமுறைக்கு வரும் வாப்பாவோ மாமாவோ பிள்ளைக்கு என்று கையடக்கமாக எடுக்கக்கூடிய சாமான், விலையுயர்ந்தது என்பதால் பிள்ளையிடம் முழுசாகக் கொடுக்கவும் மாட்டார்கள், விளையாடி முடிந்ததும் பெட்டிக்குள் வைத்து அலுமாரியில் சேலைக்கு நடுவே போய்விடும். அந்தக் கஞ்சத்தனம்தான் பெட்டியைக் காப்பாற்றியது.

காத்தான்குடியில் ஒரு வீட்டில் பார்த்தது இரண்டு திரை டொங்கி கொங், 1982 இல் வந்த செம்மஞ்சள் நிற மடக்குச் சாமான், சிலுவை வடிவப் பொத்தான் முதன்முதல் வந்ததும் இதில்தான். நான் பெட்டியையே புரட்டிப் புரட்டிப் பார்க்க அந்த வீட்டு உம்மா, "சாமான் உள்ளுக்க இருக்கு தம்பி, மட்டைய ஏன் பாக்கிறீங்க?" என்று சிரித்தார். மட்டையில்தானே கதை. ஒரு பக்கத்தில் நீலப் பேனையால் அவருடைய மாப்பிள்ளையின் பெயர், மேல் மூடியில் அரபு இலக்கத்தில் விலை எழுதிய ஸ்டிக்கர், ஒரு மூலையில் வெள்ளிப்பூச்சி பளபளப்பான மேல்தாளை மட்டும் சுரண்டித் தின்று போன தடம். மூடி மடிகிற இடத்தில் நிறம் உதிர்ந்து வெள்ளைக் கோடு. உள்ளே வெள்ளை ரெஜிபோம் தட்டு உடையாமல் இருந்தது, அதன் கீழே விளக்கப் புத்தகமும் மெல்லிய துண்டுத்தாளும். பற்றரி கழற்றி வைத்திருந்தார்கள், அதனால் தகடுகளில் பச்சை பிடிக்கவில்லை. மேல்நாட்டுச் சேகரிப்பாளர் பேனை எழுத்தையும் ஸ்டிக்கரையும் குறை என்று விலையைக் குறைப்பார். நான் அந்த ஸ்டிக்கரைக் கழற்றவே மாட்டேன். ஜப்பானில் செய்து, வளைகுடாவில் விற்று, காத்தான்குடி அலுமாரியில் இருந்த பெட்டி என்பதற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது?

(இடையில் ஒன்று: இதே வரிசையில் 1987 இல் ஜப்பானில் போட்டிப் பரிசாக மட்டும் கொடுத்த சூப்பர் மாரியோ ஒன்று உண்டு, 10,000 தான் செய்தார்கள், மஞ்சள் நிறத்தில் முகம் வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் வரும். இங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை, கண்ணில் பட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு விலை கேளுங்கள்.)

இனி ரீவி கேம். நிண்டெண்டோவின் பமிகொம் என்ற கேம் கருவி 1983 இல் ஜப்பானில் வந்தது, அதைக் கொப்பியடித்து வந்தவைதான் நாம் தொண்ணூறுகளில் கொமர்ஷல் கடைகளில் வாங்கியவை. பெட்டி பெரிது, மேலே யாரையும் கேட்காமல் எடுத்த மாரியோ படமும் கொன்ட்ரா கேமின் வீரர்களும், 9999 கேம் என்று வாய் கூசாத பொய்யும். செய்தவர் பெயரோ விலாசமோ தேடினாலும் கிடைக்காது. நிண்டெண்டோ பெட்டியையும் சேகா பெட்டியையும் உலகம் முழுக்க ஆட்கள் பத்திரப்படுத்துகிறார்கள், இதை யாரும் வைக்கவில்லை, ஆகவே உண்மையில் அரிதானது இதுதான் என்பது என் எண்ணம். கிடைத்தாலும் உள்ளே ஒரு சோகம் இருக்கும்: கொன்ட்ரோலர் வயரை ரெஜிபோம் தட்டில் சுற்றி வைத்திருப்பார்கள், வயரின் பிளாஸ்டிக்கில் இருக்கும் எண்ணெய் வருடக்கணக்கில் ரெஜிபோமைக் கரைத்து இரண்டும் ஒன்றாய் ஒட்டியிருக்கும். பிய்த்தால் தட்டில் பாம்பு நெளிந்த மாதிரிப் பள்ளம். வாங்கியதும் வயரைத் தனியாக எடுத்துத் தாளில் சுற்றுவதுதான் முதல் வேலை.

ஆனால் அரிது என்பதும் விலை என்பதும் வேறு. ரஷ்யாவில் 1992 இல் வந்த டென்டியும் போலந்தில் அதே காலத்துப் பெகாசஸும் இதே கொப்பி ஜாதிதான், ஆனாலும் அங்கே பெட்டியோடு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பெயரில் விளம்பரம் செய்து விற்றதால் ஒரு தலைமுறைக்கே அந்தப் பெயர் மனதில் நிற்கிறது. இங்கே ஒவ்வொரு லொட்டுக்கும் ஒவ்வொரு பெயர், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்றே தெரியாதபோது விலை எப்படி உருவாகும்? இப்போது வாங்கினால் விளையாட்டுச் சாமான் விலைக்கு வாங்கலாம், விற்கப் போனால் அதே விலைதான். ஒரு நன்மை, போலி என்ற பயமே இல்லை, போலிக்குப் போலி அடிக்க யாருக்கும் நேரமில்லை.

விலை பார்க்கும்போது ஈபேயில் கேட்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் தெரிவு இருக்கிறது, அதைப் போடுங்கள். பிரைஸ்சார்ட்டிங் தளத்தில் பல கேம்களுக்கு வெறும் கசெட், முழு செட், பெட்டி மட்டும், புத்தகம் மட்டும் என்று தனித்தனி விலை இருக்கும். வெறும் பெட்டிக்குத் தனி விலை இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு வீட்டில் யாரும் பெட்டியை வீசமாட்டார்கள். மட்டை என்றால் மூலைகள், மூடி நாக்குகள், வெயில் பட்ட பக்கம் மூன்றையும் பாருங்கள். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலம் மட்டும் மிஞ்சிய பெட்டி ஜன்னலோரம் இருந்தது என்று அர்த்தம். மட்டையில் மூலைக்கு மூலை விலை குறைகிறது. சேகாவில் தாள், புத்தகம், பெட்டி கீல் இவ்வளவும் சரியாக இருந்தால் போதும், பேரம் சீக்கிரம் முடியும்.

வைத்திருப்பதிலும் பிளாஸ்டிக்குக்குத்தான் சுகம், துடைத்து அடுக்கினால் சரி. மட்டைக்கு நிலத்தில் இருந்து உயரம் வேண்டும், வெளிச்சுவரோடு ஒட்டக்கூடாது, சிலிக்கா ஜெல் பைகளை மழைக்கு முன் மாற்ற வேண்டும். ரப்பர் பாண்ட் போடாதீர்கள், கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், இரண்டுமே கறையாக முடியும். மூடுவதற்கு வாங்கும் கண்ணாடி உறை பெட் (PET, தண்ணீர்ப் போத்தல் செய்கிற) பிளாஸ்டிக்காக இருக்கட்டும், மலிவான பீவீசீ உறை நம்ம வெக்கையில் பிசுபிசுத்து மையோடு ஒட்டும். சீல் உடைக்காதது ஏதாவது இருந்தால் தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள், சூட்டில் அந்தப் பொலித்தீன் இறுகி மட்டையையே வளைத்துவிடும்.

பெட்டியின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பி, மதிப்பெண் போட்டு கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்து வாங்கலாமா என்று கேட்கிறார்கள். சீல் உடைக்காத, அதுவும் ஆரம்பப் பதிப்பு என்று உறுதியானால் யோசிக்கலாம். 2021 இன் சூடு பிறகு தணிந்துவிட்டது, கட்டணம், இரண்டு வழிக் கூரியர், காப்புறுதி, திரும்பி வரும்போது சுங்கத்தில் விளக்கம், எல்லாம் கூட்டிப் பாருங்கள். பேனையால் பெயர் எழுதி வெள்ளிப்பூச்சி மூலையைத் தின்ற பெட்டிக்கு அவர்கள் குறைந்த மதிப்பெண்தான் போடுவார்கள். அந்தச் செலவை வைத்துக்கொண்டு ஏறாவூர்ப் பக்கம் இன்னும் நாலு அலுமாரி திறக்கச் சொல்லிக் கேட்கலாம்.