தும்மினால் கசிவு: பயிற்சியா, மாத்திரையா, ஆபரேஷனா?

இருமும்போதும் தும்மும்போதும் குடம் தூக்கும்போதும் சிறுநீர் சொட்டுகிறது என்றால் அது ஒரு வகை. பூட்டைத் திறப்பதற்குள் முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறை எட்டும் முன்பே போய்விடுகிறது என்றால் அது வேறு வகை. முன்னதில் பிரசவம், உடல் எடை, மாதவிடாய் நின்ற பருவம் என்று ஏதோ ஒன்றால் இடுப்படித் தசை தளர்ந்திருக்கும். பின்னதில் சிறுநீர்ப்பை நிறையும் முன்பே சுருங்கிக்கொள்ளும். எனக்கு முன்னது அதிகம், பின்னது கொஞ்சம். இப்படிக் கலந்து வருவதும் சகஜம்தான்.

நான் எடுத்துக்கொண்டது பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதிவைத்ததால் கெகல் பயிற்சி என்கிறார்கள். வாயுவை அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளே மேலே இழுத்து, சில விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 தடவையாவது, நாளுக்கு 3 சுற்று. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறவர்கள் நிறையப் பேர். அதனால் கசிவு கூடத்தான் செய்யும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ தனியாரோ, எங்கே போனாலும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. திருவனந்தபுரம் பஸ் தக்கலையில் நிற்கிற நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும், பக்கத்து சீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. இன்னொரு உபாயமும் உண்டு: தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வது. என் விஷயத்தில் முதலில் பலன் தந்தது இதுதான்.

எதை நிறுத்தினால் என்ன ஆகும், தொடர்ந்து செய்ய என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன். சோலிஃபெனாசின், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகள், கழிப்பறை எட்டும் முன்பே போய்விடுகிற அவசர வகைக்குத்தான். தும்மல் கசிவுக்கு உதவாது. அவசர வகையிலும் நிறுத்தினால் பலருக்குப் பழைய தொல்லை திரும்பிவிடும், ஆக மாதாமாதம் வாங்க வேண்டும். என் நாத்தனார் சாப்பிடுகிறாள். “மைனி, நாக்கு மேலண்ணத்துல ஒட்டுது” என்று சொல்லிக்கொண்டே செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள், பிறகு கழிப்பறைக்கு ஓடுவாள். மலச்சிக்கலும் வரலாம், வயதானவர்களுக்கு நினைவுக் குழப்பமும் வரக்கூடும். மிராபெக்ரான் என்கிற வேறு வகை மாத்திரையில் இந்தத் தொல்லைகள் குறைவு, ஆனால் பிரஷரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சியை விட்டாலும் தசை மறுபடி தளரும், அதை மறைக்க முடியாது. ஆனால் திரும்பத் தொடங்கக் காசு வேண்டாம், சீட்டு எழுதி வாங்க வேண்டாம். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். அதுவரை பொறுப்பதுதான் பெரும்பாடு.

அவசர வகைக்கு மாத்திரைக்கு முன்பே செய்து பார்க்க ஒன்று உண்டு. உந்துதல் வந்ததும் ஓடாமல் கொஞ்சம் தள்ளிப்போட்டு, வாரக்கணக்கில் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது. கட்டஞ்சாயாவை, அதாவது பால் இல்லாத டீயைக் குறைத்ததும் எனக்கு உதவியது. அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். நாள்முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிற நம்மூர் முந்திரி ஆலைப் பெண்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் எரிச்சலூட்டும்.

தும்மல் கசிவுக்கு ஆபரேஷன் நல்ல பலன் தரும் என்பதில் சந்தேகமில்லை. சிறுநீர்க் குழாய்க்கு அடியில் ஒரு பட்டை வைத்துத் தாங்குவார்கள். செயற்கை வலைப்பட்டையால் சிலருக்கு வலி, புண் என்று சிக்கல் வந்ததால் இங்கிலாந்தில் 2018இல் அதை நிறுத்திவைத்தார்கள். சொந்தத் திசுவிலும் பட்டை செய்யலாம். செய்துகொண்டவர்களில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒருவர், அவர் நிம்மதியாக இருக்கிறார். ஒருவரை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுவதுதான் வழக்கம்.

முட்டுவலியால் நேரத்துக்கு எழுந்து போக முடியாத பெரியவர்களுக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலியே பாதி வைத்தியம். ப்ராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கும், நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கும் பை காலியாகாமல் நிரம்பி வழியலாம். அவர்கள் மேலே சொன்ன அவசர மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போட்டால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளலாம். சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேன் பார்த்த பிறகே மருந்து. ரத்தம், எரிச்சல், காய்ச்சல், திடீரென்று கால் மரத்துப்போவது எது இருந்தாலும் பயிற்சியெல்லாம் அப்புறம், முதலில் டாக்டரிடம் போங்கள்.