ஒரு பஸ், இரண்டு கைடு: சேலத்திலிருந்து புனித பூமிப் பயணம்

எங்களை இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் புனித பூமிப் பயணம் கூட்டிப்போன டிராவல்ஸ்காரர் மறுபடி ஆள் சேர்க்கிறாராம். அரிசிப்பாளையம் பக்கமிருந்து ஓயாமல் போன் வருகிறது. "டீச்சர், நீங்க போனீங்களே, பணம் கட்டலாமா?" ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தொண்டையில்லை, எழுதியே விடுகிறேன். கம்பெனிப் பெயரைப் போடவில்லை. கேட்பவர்களுக்கு எது என்று தெரியும். நான் போனது 2023 தவக்காலத்தில். அந்த வருஷம் அக்டோபரில் காசா போர் மூளுமுன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். இன்றைய நிலவரத்துக்கு நான் பொறுப்பில்லை.

சாப்பாடு பரவாயில்லை. காலையில் ஹம்மஸ், ஆலிவ் காய், வெள்ளரி, தயிர். சீக்கிரமே நம் ஆட்கள் பருப்புப்பொடி டப்பாவைத் திறந்துவிட்டார்கள். ஓட்டல்கள் சுத்தம். ஜெருசலேம் பழைய நகரத்தில் சிலுவைப்பாதைத் தெரு முழுக்க வழவழப்பான கல்லும் படியும். முழங்கால் வலிக்காரர்கள் கைத்தடி இல்லாமல் வர வேண்டாம். இதை டிராவல்ஸ்காரர் சொல்லவே மாட்டார்.

நான் எழுத வந்தது கைடுகளைப் பற்றி. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தவள், எனக்கு அதுதான் முக்கியம்.

பஸ்ஸில் எப்போதும் இருந்தவர் ஒரு யூதர், வயது அறுபதுக்கு மேல். பெற்றோர் போலந்திலிருந்து தப்பி வந்தவர்கள். ஆனால் பெத்லகேமுக்குள் அவர் வர முடியாது. பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள பகுதிக்குள் இஸ்ரேல் குடிமக்கள் நுழையக் கூடாது என்று அவர்கள் அரசே சாலையோரம் சிவப்புப் பலகை வைத்திருக்கிறது. ஆகவே சோதனைச்சாவடிக்கு முன்னால் அவர் இறங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் ஓர் இளைஞர் ஏறினார், அரபு பேசும் கிறிஸ்தவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. டிராவல்ஸ்காரருக்கு இது வெறும் பெர்மிட் விவகாரம். எனக்கோ கட்டிய பணத்தில் பாதி இதிலேயே தேறிவிட்டது.

முந்தின நாள் ஐன் கரீம் போயிருந்தோம். திருமுழுக்கு யோவான் பிறந்த ஊர். மாதா எலிசபெத்தைப் பார்க்க வந்த இடம். வளைவு வைத்த பழைய கல்வீடுகள், அத்தி மரங்கள், காபிக்கடைகள். "ஓவியர்கள் விரும்பிக் குடியிருக்கும் ஊர்" என்றார் யூத கைடு. இந்த வீடுகளை யார் கட்டியது என்று கேட்டேன். "அரபுக்காரர்கள். 1948ல் இஸ்ரேல் உருவான போரில் போய்விட்டார்கள். அவர்கள் தலைவர்களே ரேடியோவில் கிளம்பச் சொன்னார்கள்." எங்கள் கூட்டத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஃபாதர் அந்த வரியை விட்டுவிட்டு ஜெபமாலை ஆரம்பித்தார். பயணம் முழுக்க இதுதான் நடந்தது. சங்கடமான இடம் வந்தால் அருள் நிறைந்த மரியே.

பெத்லகேம் இளைஞரிடம் ஐன் கரீம் என்று சொன்னதுமே, "என் பாட்டியின் அக்கா வீடு அங்கேதான், ஊற்றுக்குப் பக்கத்தில்" என்றார். "போய்விடவில்லை, துரத்தப்பட்டோம். பக்கத்து அரபு ஊரான தேர் யாசினில் 254 பேரைக் கொன்றார்கள், எங்கள் முறை வருமுன் ஓடினோம்." பெத்லகேமின் ஐதா அகதி முகாம் வாசலில், விட்டுவந்த வீடுகளின் அடையாளமாக வளைவின் மேல் வைத்திருக்கும் பெரிய சாவியைக் காட்டினார். ஏழு லட்சம் பேருக்கு மேல் அகதியானார்கள், நானூறுக்கு மேற்பட்ட ஊர்கள் காலியாயின. பாலஸ்தீனர் நக்பா, அதாவது பேரழிவு, என்பது இதைத்தான். இந்தக் கணக்கில் தப்பில்லை.

ஆனால் இருவரும் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ள முடியாது. ரேடியோக் கதை நிற்காது. 1980களில் ஆவணங்கள் திறந்தபோது பென்னி மோரிஸ் மாதிரி இஸ்ரேலிய ஆய்வாளர்களே படித்துப் பார்த்தார்கள். அப்படியொரு பொதுக் கட்டளைக்குச் சான்று கிடைக்கவில்லை. சில ஊரில் ராணுவம் துரத்தியது, சில ஊரில் சண்டையும் பயமும், வேறு சிலவற்றில் உள்ளூர்ப் பெரியவர்களே பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவைத்தார்கள். நாங்கள் ஊர் திரும்ப விமானம் ஏறிய விமான நிலையமே லோத் பக்கம்தான். பேதுரு திமிர்வாதக்காரனைக் குணமாக்கிய லித்தா அது. 1948 ஜூலையில் அங்கிருந்தும் பக்கத்து ராம்லாவிலிருந்தும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அரபு மக்களை இஸ்ரேல் ராணுவம் கிழக்கே விரட்டியது. பின்னாளில் பிரதமரான இட்சாக் ராபின் இதைத் தன் நினைவுக்குறிப்பில் எழுத, தணிக்கை அதை வெட்டியது.

254ம் நிற்காது. தேர் யாசினைத் தாக்கிய யூத ஆயுதக்குழுவே பயம் பரவட்டும் என்று அன்றிரவு ஊதிச் சொன்ன எண் அது. பீர்ஸெய்த் பல்கலைக்கழகப் பாலஸ்தீன ஆய்வாளர்கள் பெயர் பெயராக எண்ணியபோது சுமார் 110தான் வந்தது. கொன்றவன் பெருமைக்குச் சொன்னதை இழந்தவன் துக்கத்துக்கு வைத்துக்கொண்டான். நூற்றுப்பத்து போதாதா?

பெத்லகேம் இளைஞர் சொல்லாமல் விட்டதும் உண்டு. பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் 1947 நவம்பர் 29 ஐநா தீர்மானத்தை யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தலைமை மறுத்தது. மறுநாளே யூதர்கள் போன பஸ் சுடப்பட்டது. 1948 மே மாதம் பழைய நகரின் யூதர் பகுதி விழுந்தபோது அங்கே ஒரு யூதரும் மிஞ்சவில்லை. 1929ல் ஹெப்ரோனில் 67 யூதர்கள் கொல்லப்பட்டதைப் பற்றி மூச்சில்லை. இப்போது அல் அக்சா மசூதி இருக்கும் ஜெருசலேம் கோயில் மேட்டைப் பற்றிக் கேட்டேன். "அங்கே யூதர் கோயில் இருந்ததே இல்லை" என்றார். கேம்ப் டேவிட் அமைதிப் பேச்சில் 2000ல் பாலஸ்தீனத் தலைவர் அராபத் சொன்னதும் இதுவே. ஆனால் ஜெருசலேம் முஸ்லிம் உயர் கவுன்சில் 1925ல் வெளியிட்ட வழிகாட்டி நூல், அது சாலமோன் கோயில் இருந்த இடம் என்பதில் சந்தேகமே இல்லை என்கிறது.

இன்னொன்று எம்மாவு. உயிர்த்த ஆண்டவர் அப்பம் பிட்ட ஊர். பல இடங்கள் நாங்கள்தான் எம்மாவு என்கின்றன; எங்களை அழைத்துப்போனது லத்ரூன் பக்கமுள்ள இடிந்த ஆலயத்துக்கு. சுற்றிலும் பைன் காடு. "பாலைவனத்தை நாங்கள் காடாக்கினோம்" என்று யூத கைடு உருகினார். காட்டுக்குள் சப்பாத்திக்கள்ளி வரிசை வரிசையாக நின்றது. கள்ளி தானாக நேர்க்கோட்டில் முளைக்காது, அது வேலி. இம்வாஸ் என்ற அரபு ஊர் அங்கே இருந்தது. 1967 போரில் மக்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள், பிறகுதான் பூங்கா. வேடிக்கை என்னவென்றால், அந்த மண்ணில் பிறந்த யூதனுக்கும் அடையாளம் அந்தக் கள்ளிதான், ஊரை இழந்த பாலஸ்தீனருக்கும் அதே கள்ளிதான். கள்ளியோ மெக்சிகோப் பக்கமிருந்து வந்தது.

யூதர்கள் வந்தது "ஆளில்லாத நிலம்" என்று யூத கைடு சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. 1922 பிரிட்டிஷ் கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தில் ஏழரை லட்சம் பேர்; அதில் யூதர் சுமார் 84,000. நான் ஏற்காட்டில் பிறந்தவள். கலெக்டர் காக்பர்ன் "கண்டுபிடித்த" ஏற்காடு என்று படித்து வளர்ந்தேன். 1820களில் அவர் காபி கொண்டுவந்தது நிஜம். மலைத்தெய்வம் சேர்வராயனுக்கு மே மாதம் திருவிழா எடுக்கும் மலையாளி என்ற பழங்குடி சனங்கள் (கேரளத்துக்காரர்கள் அல்ல) அப்போது எங்கே இருந்தார்களாம்? அவர்களும் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் கதை சொல்வார்கள். வந்த கதை இருப்பதால் மலை அவர்களுடையது இல்லை என்று ஆகிவிடுமா? யூதருக்கும் இதையே சொல்வேன், பாலஸ்தீனருக்கும் இதையே சொல்வேன்.

டிராவல்ஸ்காரருக்கு ஒரு யோசனை. டான் பார்ஓன் என்ற இஸ்ரேலியரும் சமி அத்வான் என்ற பாலஸ்தீனரும் இரு பக்க ஆசிரியர்களையும் கூட்டி ஒரு பாடநூல் செய்தார்கள். ஒரு பத்தியில் இஸ்ரேலியர் கதை, எதிர்ப்பத்தியில் பாலஸ்தீனர் கதை, நடுவில் மாணவர் எழுத வெற்றிடம். இரண்டு பக்கத்துக் கல்வி அமைச்சகங்களும் அதைப் பள்ளிக்குள் விடவில்லை. அந்த மாதிரி நாலு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? இப்போது தருவது தொப்பியும் தோள்பையும்.

பெத்லகேமில் அந்த இளைஞருக்குக் கிடைத்தது பிறப்பு ஆலயமும் பஸ் ஜன்னலும் மட்டும். மிச்ச நேரமெல்லாம் ஆலிவ் மரச் சிலைக் கடையில். கமிஷன், வேறென்ன. மரியன்னை சிலை நம் ஊர் விலைக்குப் பல மடங்கு. யாத் வாஷெம் திட்டத்தில் இருந்தது. கடையில் நேரம் போனதால் ரத்து. யூத இன அழிப்பின் நினைவகத்தைப் பார்க்காமல் யூத கைடின் பயம் யாருக்கும் புரியாது. அதை அடித்துவிட்டு வைரக்கடைக்குக் கூட்டிப்போனது மன்னிக்க முடியாதது.

ஐந்துக்கு மூன்று. ஓட்டலுக்கு ஒன்று, கைடுகளுக்கு ஆளுக்கு ஒன்று. பணம் கட்டுமுன் மூன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பெத்லகேமில் கைடு எத்தனை மணி நேரம், யாத் வாஷெம் உண்டா, போர் மூண்டு ரத்தானால் பணம் எப்போது திரும்பும். இந்தப் பயணத்துக்கான அரசு மானியத்துக்கு நீங்களே நேராக விண்ணப்பியுங்கள், டிராவல்ஸ்காரர் "நான் பார்த்துக்கறேன் டீச்சர்" என்பார்.